லப்டொப் கீபோர்ட் வேலை செய்யவில்லையா? கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் லப்டொப் திருத்துகிற சின்னக் கடை எங்களுடையது. உவர்மலை, உப்புவெளி, தம்பலகாமம், கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று எல்லா இடமிருந்தும் ஆட்கள் வருவார்கள். பையைத் திறந்து லப்டொப்பை மேசையில் வைத்ததும் வருகிற முதல் வசனம் ஒன்றுதான்: “அண்ணா, கீபோர்ட் மாத்த வேணும்.” என்ன நடந்தது என்று இரண்டு தரம் கேட்டால்தான் கதை வெளியே வரும். அப்படி வருகிறவற்றில் பல, மாற்றத் தேவையே இல்லாதவை. மாற்றத்தான் வேண்டும் என்று ஆனவற்றிலும் சில, வீட்டில் யாரோ “ஒருக்காப் போட்டுப் பாப்பம்” என்று சொன்னதால் அந்த நிலைக்கு வந்தவை.

ஒரு விசைகூட வேலை செய்யவில்லை. கீபோர்ட் முழுதாகப் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். எல்லா விசையும் ஒரேயடியாக நிற்பது, நாலைந்து விசை நிற்பதைவிடப் பல நேரம் நல்ல செய்தி. பாவித்துத் தேய்ந்த கீபோர்ட் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாகும். தண்ணீர் எதுவும் படாமல் மொத்தமாக நின்றால், வின்டோஸ் குழம்பியிருக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே கீபோர்ட்டை மதர்போர்ட்டோடு (லப்டொப்பின் முதன்மைப் பலகை) இணைக்கிற தட்டையான ரிப்பன் கேபிள் இளகியிருக்கலாம்.

முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. வின்டோஸ் 8 வந்த காலம் முதல், வேகமாக எழும்ப வேண்டும் என்பதற்காக ஷட் டவுனின்போது தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அது படுக்கும். மறுநாள் அதையே தூக்கிக்கொண்டு எழும்பும்போது நேற்றைய குழப்பமும் கூடவே எழும்பும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால், வின்டோஸ் எழும்ப முன்னால் வருகிற அடிப்படை அமைப்பான பயோஸில் பாருங்கள். லப்டொப்பைப் போட்டவுடன் டெல், ஏசர், ஆசுஸ் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயோஸ் திரை வந்து அம்பு விசைகளும் நகர்ந்தால் கீபோர்ட் உயிரோடுதான் இருக்கிறது, பிழை வின்டோஸில். டிவைஸ் மனேஜரில் கீபோர்ட்டை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், வின்டோஸ் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

பயோஸிலும் அசைவில்லையா? சாஜரைக் கழற்றுங்கள், பற்றரி வெளியே வருகிற ரகம் என்றால் அதையும் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கீபோர்ட்டைக் கவனிக்கிற சில்லு (சிப்) மதர்போர்ட்டில் தனியாக இருக்கிறது. லப்டொப் ஓஃப் ஆனாலும் அது முழுதாக ஓஃப் ஆவதில்லை. எஞ்சிய மின்சாரம் வடிந்தால்தான் அதற்கும் புது விடியல். இதற்கும் மசியவில்லை என்றால் திறந்து பார்க்க வேண்டிய கட்டம்.

மடித்துத் திருப்பி டப்லட்போலப் பாவிக்கிற லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த ரகம், தான் மடிந்திருப்பதாக நினைத்துவிட்டால் கீபோர்ட்டைத் தானே நிறுத்திவிடும். அதை உணர்த்துவது பெரும்பாலும் காந்தத்தால் வேலை செய்கிற சென்சர். காந்த மூடி போட்ட போன் உறையைக் கீபோர்ட்மேல் வைத்துவிட்டுத் தேடித் திரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கீபோர்ட்டே இல்லாமல் பாஸ்வேட் எப்படி அடிப்பது?

உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் அக்ஸசிபிலிட்டி வசதிகளுக்கான ஒரு சின்னப் படம் இருக்கும். அதை மவுஸால் அழுத்தி, வருகிற பட்டியலில் திரைக் கீபோர்ட்டைத் தெரிவு செய்யுங்கள். அல்லது யூஎஸ்பி கீபோர்ட் ஒன்றைச் சொருகுங்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் போதும்.

எழுத்து அடித்தால் இலக்கம் வருகிறது.

காரணம் நம் லொக் (Num Lock) என்ற விசை. தனி இலக்கப் பகுதி இல்லாத சின்ன லப்டொப்களில் ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3 ஆகவும் யூ, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6 ஆகவும் மாறும். நம் லொக் விசையை அழுத்துங்கள். சிலவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

ஈமெயில் முகவரியில் அட் குறி அடித்தால் மேற்கோள் குறி விழுகிறது.

அதுவும் பழுதல்ல. அமெரிக்க அமைப்பும் பிரித்தானிய அமைப்பும் இந்த இரண்டு குறிகளையும் இடம் மாற்றி வைத்திருக்கின்றன. யாரோ, அல்லது ஏதோ ஒரு அப்டேட், அமைப்பை மாற்றியிருக்கும். வின்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் அமைப்பு மாறும். தமிழ் அடிக்கப் போய் ஆங்கிலமே வருகிறது என்கிறவர்களுக்கும் இதே வழிதான்.

விசையை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது.

வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி கேட்டுக்கொண்டு எழும்பும். கை நடுங்குகிறவர்களுக்காகச் செய்த நல்ல வசதி. யோசனையில் விரலை வைத்துக்கொண்டிருந்து, பிறகு வந்த பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ‘யெஸ்’ கொடுத்தால், அது சட்டென்று அழுத்திய விசைகளைத் தவறி விழுந்த விரல் என்று நினைத்துக் கணக்கில் எடுக்காது. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, கீபோர்ட் என்று போய் அணைத்துவிடுங்கள். ஏ/எல் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை தடித்த புத்தகத்தைக் கீபோர்ட்மேல் சாய்த்து வைத்ததில் இப்படி ஆகி, தகப்பன் புதுக் கீபோர்ட்டுக்கே காசோடு வந்திருந்தார். இரண்டு நிமிட வேலை.

சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. அவற்றுக்குள் ஒரு ஒழுங்கும் தெரியவில்லையே?

ஒழுங்கு இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. விசைக்கு ஒரு வயர் என்று கீபோர்ட் செய்வதில்லை. அப்படிச் செய்தால் நூற்றுக்குக் கிட்ட வயர் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும், ஒரு தாளில் குறுக்கே, இன்னொரு தாளில் நெடுக்கே. நடுவில் ஓட்டைகள் கொண்ட மூன்றாவது தாள். விசையை அழுத்தினால் ரப்பர் குமிழ் கீழே போய் அந்த ஓட்டைக்குள்ளால் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட வைக்கும். எந்தக் குறுக்கு, எந்த நெடுக்கு என்று பார்த்து எந்த விசை என்று சில்லு கண்டுபிடிக்கும். பன்னப்பாயின் ஓலைகள் சந்திக்கிற இடம் ஒவ்வொன்றும் ஒரு விசை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு கோடு அறுந்தால் என்ன ஆகும்? அந்தக் கோட்டில் இருக்கும் விசைகள் எல்லாம் சேர்ந்து போகும். கோடுகள் கீபோர்ட்டின் வரிசைப்படி ஓடுவதில்லை, வளைந்து நெளிந்து ஓடும். அதனால்தான் உங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்ததுபோலத் தெரிகிறது.

கடைக்கு வர முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எவை வேலை செய்யவில்லை, எவை இரண்டு எழுத்தை ஒன்றாக அடிக்கின்றன. ஒரே ஒரு விசை மட்டும் என்றால் அதன் கீழ் அழுக்கு, அல்லது ரப்பர் குமிழ் கிழிந்திருக்கும். ஐந்தாறு விசை ஒன்றாகப் போயிருந்தால் கோடு அறுந்திருக்கும், அல்லது ரிப்பனின் ஒரு முனை சரியாகத் தொடவில்லை. ரிப்பன் என்றால் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டால் சரி. கோடு என்றால் கீபோர்ட்டை மாற்றத்தான் வேண்டும். வெள்ளி மை பூசி ஒட்ட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன், மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே முகத்தோடு வந்து நின்றார். இப்போது செய்வதில்லை.

ஒரு விசையை அடித்தால் இரண்டு மூன்று எழுத்துச் சேர்ந்து வந்தால், கோடு அறவில்லை, இரண்டு கோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே ஈரம் என்று அர்த்தம். அடுத்த கேள்வியை வாசியுங்கள்.

கீபோர்ட்மேல் தேத்தண்ணி கொட்டுப்பட்டுவிட்டது. என்ன செய்வது?

துடைக்க ஓடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். சாஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஓஃப் ஆகும்வரை அழுத்திப் பிடியுங்கள், 10 வினாடியளவு போதும். சேவ் செய்யாத வேலை போனால் போகட்டும். பற்றரி கழற்ற முடியுமென்றால் கழற்றுங்கள். அப்புறம் லப்டொப்பை விரித்து, கூரைபோலக் கவிழ்த்து, ஒரு துவாய்மேல் நிறுத்துங்கள். வந்த வழியாலேயே தண்ணீர் வெளியே போகட்டும். நிமிர்த்தி வைத்தால் அது கீபோர்ட்டைத் தாண்டி மதர்போர்ட்டுக்கு இறங்கும்.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். பிழை விடுவது இதற்குப் பிறகு. ஒரு மணித்தியாலம் கழித்து மேலே காய்ந்ததுபோல இருக்கும், மனம் கேட்காது, “ஒருக்காப் போட்டுப் பாப்பம்” என்று பவர் பட்டனை அழுத்துவார்கள். நிலாவெளியிலிருந்து வந்த ஒரு டீச்சரின் லப்டொப் அப்படிப் போட்டதும் எழும்பியும் இருக்கிறது. “பாருங்கோ, ஒண்டும் நடக்கேல்ல” என்று சந்தோஷமாகச் சாஜரையும் சொருகி, இரவு முழுக்கப் புள்ளிப் பதிவேடு தயாரித்திருக்கிறார். மறுநாள் அது எழும்பவில்லை. திறந்தபோது கீபோர்ட் ரிப்பன் வந்து சேருகிற இடத்தில் பச்சைக் களிம்பு. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து அரித்துக்கொண்டே போகும். வெறும் ஈரம் மட்டும் என்றால் இவ்வளவு வேகமாக அரிக்காது. அன்றைக்கே ஓஃப் பண்ணிக் கொண்டுவந்திருந்தால் கழுவிக் கொடுத்திருப்பேன். கடைசியில் கீபோர்ட்டோடு மதர்போர்ட் வேலையும் சேர்ந்தது.

என்ன கொட்டுப்பட்டது என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். சீனி போட்ட பிளேன்டீ காய்ந்தால் பசையாகும், விசை ஒட்டிக்கொள்ளும். பால் தேத்தண்ணி அதைவிட மோசம், நாறும். செவ்விளநீரில் உப்புகளும் சீனியும் இரண்டும் உண்டு, மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். எல்லாவற்றிலும் மோசம் கடல்நீர். மார்பிள் பீச்சில் பைக்குள் அலை அடித்தது என்று கொண்டுவந்தால், காய வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. தண்ணீர் போய்விடும், உப்பு இருந்துவிடும். அதைத் திறந்து கழுவித்தான் எடுக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

கழுவ நாங்கள் பாவிப்பது 99 வீத ஐசோபுரோபைல் அல்ககோல். அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். சனிட்டைசர் ஜெல்லைப் பூசிவிடாதீர்கள், அதில் பசைப்பொருள் இருக்கிறது. தலைமயிர் காய வைக்கிற மெஷினும் வேண்டாம், ரப்பர் குமிழும் பிளாஸ்டிக் தாளும் சூட்டில் சுருங்கும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

அரிசி சோறாக்க. லப்டொப்புக்குள் இருக்கிற தண்ணீரை அது இழுக்காது, தவிடுதான் உள்ளே போகும். மின்விசிறிக்கு முன்னால் கவிழ்த்து வைப்பது அதைவிட நல்லது.

தண்ணீர் எதுவும் படவில்லை. கடல் காற்றால் கீபோர்ட் கெடுமா?

கெடும். டைக் வீதிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னல் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல, கதவுப் பிணைச்சலே சாட்சி. காற்றோடு வருகிற உப்பு கண்ணுக்குத் தெரியாத தூசாகப் படியும். வெயில் காலத்தில் அது சும்மா கிடக்கும். மாரி தொடங்கிக் காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் அந்த உப்புத் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு உப்பு மணியும் ஒரு துளி கடல்நீர்தான். ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், “ஒண்டும் செய்யேல்ல அண்ணா, தானா நிண்டு போச்சு” என்று வருகிறவர்களை நான் நம்புகிறேன்.

இரவில் யன்னலுக்குக் கீழே திறந்தபடி வைக்காதீர்கள், மூடிப் பைக்குள் வையுங்கள். மாரியில் நாளுக்குக் கொஞ்ச நேரமாவது போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை ஓட்டும். மாதக்கணக்கில் அலுமாரியில் கிடக்கிற லப்டொப்தான் முதலில் கெடுகிறது.

விசைகளுக்குள் இருந்து எறும்பு வருகிறது.

சிரிக்க வேண்டாம், மாதத்தில் ஒன்றாவது வரும். உள்ளே இளஞ்சூடு, இருட்டு, மேலே பிஸ்கட் தூள். வேறென்ன வேண்டும் சீனி எறும்புக்கு? எறும்புப் பவுடரோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். ஓஃப் பண்ணி, கவிழ்த்துத் தட்டி, வெளிச்சமான இடத்தில் விட்டுவையுங்கள், பக்கத்தில் ஒரு துளி சீனித் தண்ணீர் வைத்தால் பெரும்பகுதி இறங்கிப் போகும். முட்டை வைத்திருந்தால் திறந்துதான் துப்புரவாக்க வேண்டும். மான்கள் வீதியிலேயே திரிகிற எங்கள் ஊரில் மான் கடித்த கீபோர்ட் ஒன்று மட்டும்தான் இன்னும் மேசைக்கு வரவில்லை.

ஒரே ஒரு விசை கழன்றுவிட்டது. அதற்காக முழுக் கீபோர்ட்டும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கழன்ற மூடியையும் அதன் கீழ் இருந்த வெள்ளைக் கொக்கியையும் தொலைக்காதீர்கள். அந்தக் கொக்கி கத்தரிக்கோல்போல இரண்டு துண்டு கோத்தது. கொக்கியை முதலில் தட்டில் பூட்டி, பிறகு மூடியை மேலே வைத்து மெதுவாக அழுத்தினால் டிக் என்று உட்காரும். எந்தப் பக்கம் முதலில் என்பது மொடலுக்கு மொடல் மாறும், அதே அளவான பக்கத்து விசை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர் போன்ற நீள விசைகளில் ஒரு கம்பியும் இருக்கும், அவற்றைச் சும்மா கிளப்பிப் பார்க்காதீர்கள்.

கொக்கி உடைந்துவிட்டதென்றால், நீங்கள் தொடவே தொடாத ஒரு விசையிலிருந்து அதே அளவான கொக்கியைக் கழற்றிப் போடலாம். கடைக்காரன் சொல்லக்கூடாத வழி, ஆனாலும் சொல்கிறேன். சுப்பர் குளூ மட்டும் வேண்டாம்.

கீபோர்ட் நடுவில் மேலே எழும்பி நிற்கிறது, டச்பேட்டும் அழுந்தவில்லை.

இது கீபோர்ட் பிரச்சினையே அல்ல, பற்றரி வீங்கியிருக்கிறது. உடனே ஓஃப் பண்ணுங்கள், சாஜரில் போடாதீர்கள், அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். லிதியம் பற்றரி துளைபட்டால் தீப்பிடிக்கும். அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள், பஸ்ஸில் மடியில் வைத்து நசுக்கிக்கொண்டு அல்ல.

நானே வாங்கி மாற்றலாமா?

லப்டொப்பைப் பொறுத்தது. பழைய ரகங்கள் பலவற்றில் பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்குரூ கழற்றினால் கீபோர்ட் மேலால் வந்துவிடும். அதை ஆறுதலான ஒரு ஞாயிறு காலையில் வீட்டிலேயே செய்யலாம். புதிய மெல்லிய ரகங்களில் கீபோர்ட் மேல் மூடியோடு சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி ஒட்டியிருக்கும். அதற்கு மதர்போர்ட், பற்றரி எல்லாம் வெளியே எடுத்து, அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகச் சீவி எடுக்க வேண்டும். அது எனக்கே அரைநாள் வேலை. வாங்க முன்னால் உங்கள் மொடலின் வீடியோ ஒன்றைக் கடைசிவரை பாருங்கள், முதல் இரண்டு நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள்.

திறக்கிறீர்கள் என்றால் பற்றரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். கீபோர்ட் லைட் உள்ள ரகத்தில் பற்றரி இணைந்தபடி ரிப்பனைச் சொருகினால் மதர்போர்ட்டில் ஒரு சின்ன ஃபியூஸ் போய்விடலாம், போனால் பிறகு லைட் எரியாது. ரிப்பன் கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். அது சொருகியிருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், சிலதில் நிமிர்த்த வேண்டும், சிலதில் இரண்டு பக்கமும் முன்னால் தள்ள வேண்டும். பூட்டு உடைந்தால் கீபோர்ட்டைவிடச் செலவு கூடும். “புதுக் கீபோர்ட்டும் வேலை செய்யேல்ல” என்று வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ரிப்பன் கொஞ்சம் சரிந்து நின்றதுதான் காரணம்.

எந்தக் கீபோர்ட் வாங்குவது? திருகோணமலையில் கிடைக்குமா?

ஓடித் திரிகிற மொடல்களுக்கு இங்கேயே கிடைக்கும். இல்லாதவை கொழும்பிலிருந்து பார்சலில் வரும். லப்டொப்பின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் நாலு விதக் கீபோர்ட் இருக்கும். பழைய கீபோர்ட்டின் முதுகில் இருக்கும் பாக இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். என்டர் விசையின் வடிவம், லைட் உண்டா இல்லையா, ரிப்பன் எந்தப் பக்கம், இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

2022இல் ரூபா விழுந்த பிறகு, 200 ரூபாவாக இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டிப் போனது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு புது லப்டொப் வாங்குகிற யோசனையைப் பலர் விட்டுவிட்டார்கள். அதனால் பழைய மொடல்களின் கீபோர்ட்டுக்கு இப்போதும் கேள்வி இருக்கிறது. எதுவானாலும் விலையை முன்கூட்டியே கேளுங்கள், பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக.

பவர் பட்டனை அழுத்தினாலும் லப்டொப் எழும்பவில்லை. மதர்போர்ட்டா?

பவர் பட்டன் கீபோர்ட்டிலேயே ஒரு விசையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கீபோர்ட் செத்ததும் பட்டனும் சேர்ந்து செத்திருக்கும். மதர்போர்ட்டுக்கு விலை சொல்கிறவரிடம் முதலில் வேறு கீபோர்ட் ஒன்றைச் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடிக்கிறேன், புள்ளி விழவில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் சரி.

ஆங்கிலத்தில் சரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி. ஆங்கிலக் கடிதத்தில் யார் அரைப்புள்ளி போடுகிறார்கள்? ஆறு மாதம் செத்துக் கிடந்தாலும் தெரியாது. தமிழிலோ இரண்டு சொல்லுக்கு ஒரு தரமாவது அது வேண்டும். அச்சகங்களிலிருந்தும் செயலகங்களிலிருந்தும் வருகிற கீபோர்ட்களில் முதலில் தேய்கிற விசைகளில் அதுவும் ஒன்று.

அவசரத்துக்கு, மைக்ரோசொஃப்ட்டின் பவர்டொய்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விசையின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். வலப்பக்கக் கொன்ட்ரோலுக்குப் புள்ளியைக் கொடுத்து ஒரு விழா மலர் முழுதையும் தட்டச்சு செய்து முடித்தவரை எனக்குத் தெரியும்.

மேக்புக்?

2015க்கும் 2019க்கும் இடையில் வந்த பல மேக்புக்குகளில் பட்டாம்பூச்சி அமைப்பு என்ற மிக மெல்லிய கீபோர்ட் இருந்தது. ஒரு மணல் துகள் போனாலும் விசை நின்றுவிடும். அப்பிளே 2018இல் இலவசமாகத் திருத்தும் திட்டம் அறிவித்து, 2019 கடைசியில் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்குத் திரும்பத் தொடங்கியது. கடற்கரை ஊரில் பழைய மேக்புக் வாங்குகிறவர்கள் அந்த ஆண்டுகளைப் பார்த்து வாங்குங்கள்.

திருத்தக் கொடுத்தால் என் படங்கள், ஆவணங்கள் போய்விடுமா?

போகாது. கீபோர்ட்டுக்கும் டிஸ்குக்கும் சம்பந்தம் இல்லை. கீபோர்ட் மாற்றுவதற்காக வின்டோஸ் திரும்பப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பாஸ்வேட்டும் தேவையில்லை. விசைகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க எங்களுக்கு உள்நுழைவுத் திரையும் பயோஸும் போதும். பாஸ்வேட்டைச் சின்னத் துண்டில் எழுதி மூடியில் ஒட்டிக்கொண்டு வருகிறீர்களே, அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.